ஓசையின்றி நின்றுபோன வேலை

இல்லமும் இயந்திரமும்



சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் கடிதம் நீண்டது. அதில் பாதி குடும்பச் செய்தி. அதனை அச்சிடுதல் முறையாகாது. கணினியைப் பற்றிய பகுதியை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

"மகன் வீட்டிலிருந்தபோது, எங்கள் படங்கள் யாவும் நாள்தோறும் இரவு இரண்டு மணிக்கு வெளி ஹார்ட் டிஸ்க்கில் தாமாகவே பிரதியாகும்படி மடிக்கணினியில் ஏற்பாடு செய்து வைத்தான். சென்ற ஆண்டு ஜூனில் அவன் வேலையின் பொருட்டு வெளிநாடு சென்றான். நவம்பரில் என் கணவர் காலமானார். அவர் பேத்திக்குக் கதை சொன்ன ஒலிப்பதிவுகளையும், கடைசி மாதங்களில் எடுத்த படங்களையும் கைபேசியிலிருந்து கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். இரவில் அவை பிரதியாகி வருகின்றன என்றே நம்பியிருந்தேன். சென்ற வாரம் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால், ஜூனுக்குப் பின் ஒரு படமும் அதில் இல்லை. அண்டை வீட்டு மாணவனைக் கொண்டு வேலைப் பட்டியலைத் திறந்து பார்த்தோம். அந்த வேலைக்கு நேரே 'ரெடி' என்றிருக்கிறது. கடைசியாக ஓடிய நாள் ஜூன் 11. விளைவு 1, 'இன்கரெக்ட் ஃபங்ஷன்' என்றும் இருக்கிறது. அது பிழை எண் என்கிறான் மாணவன். ரோபோகாப்பி என்ற நிரலும் மகன் பெயருடைய கோப்புறையும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. நான் இரவு பத்து மணிக்குக் கணினியை முறைப்படி நிறுத்திவிட்டுத்தான் உறங்கச் செல்கிறேன். நான் செய்த தவறு என்ன?"

அம்மையார் செய்த தவறு ஏதுமில்லை. காரணத்தை ஆராய்வதற்கு முன் அவருக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஒலிப்பதிவுகள் இன்றைய நிலையில் கணினியில் ஒரே ஓரிடத்தில்தான் இருக்கின்றன. எனவே பழுது பார்க்கும் வேலையை நாளைக்குத் தள்ளிவையுங்கள். இன்றே, கையினாலேயே, ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். வெளி டிஸ்க்கில் இன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட புதிய கோப்புறை ஒன்றை அமைத்து, படங்களையும் பதிவுகளையும் அதில் நகலெடுங்கள். முடிந்ததும் டிஸ்க்கிலிருந்தே இரண்டு மூன்று பதிவுகளை ஓடவிட்டுக் கேளுங்கள். கைபேசியில் மூலங்கள் இன்னும் இருக்குமாயின் அவற்றை இப்போதைக்கு அழிக்கவேண்டாம். தானியங்கி ஏற்பாடு ஒன்றைச் சீர்செய்யப் புகுவோர் எவரும் முதலில் செய்யவேண்டியது இதுவே. பழுது பார்க்கையில் ஒரு கட்டளை பிசகி, எஞ்சியிருந்ததும் அழிந்துபோதல் கூடும்.

இனி, கணினி தானாக வேலை செய்யும் முறையைச் சற்று அறிந்துகொள்வோம். குறித்த நேரத்தில் ஒரு நிரலை எழுப்பி ஓடவிடும் ஏவலாள் ஒன்று ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும் உண்டு. யூனிக்ஸ் கணினிகளில் அதற்குக் 'கிரான்' என்று பெயர். 1979-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே அது இருந்தது. இல்லக் கணினிகளுக்கு இவ்வசதி வந்தது பின்னரே. 1995-இல் விண்டோஸ் 95-க்குத் துணையாகத் தனியே விற்கப்பட்ட 'பிளஸ்' தொகுப்பில் 'சிஸ்டம் ஏஜென்ட்' என்னும் பெயரில் அது தோன்றியது. இப்போதைய வடிவம் 2007-இல் வந்த விஸ்டா முதல் வழங்கிவருகிறது; அதன் பெயர் 'டாஸ்க் ஷெட்யூலர்'. தொடக்கப் பட்டியலில் இப்பெயரைத் தட்டினால் அது திறக்கும். பிறர் கணக்கில் அமைத்த வேலைகளைக் காணவேண்டுமாயின் நிர்வாக உரிமையுடன் திறக்கவேண்டும். இல்லையேல் அவை பட்டியலில் தென்படாமலே போகலாம். மாணவன் இதை அறிந்திருந்தான் போலும்; பாராட்டுக்குரியது.

இந்த ஏவலாளுக்குத் தன்னறிவு இல்லை. எப்போது, எதை, எந்த நிபந்தனையில், யார் பெயரால் என்னும் நான்கு செய்திகளை எழுதிக் கொடுத்தால் எழுதியபடியே நடக்கும். வேலை நடக்கவில்லை என்று வீட்டாருக்குச் சொல்லியனுப்பும் வழக்கமும் அதற்கில்லை. 'ரெடி' என்னும் சொல்லைக் கண்டு மனம் தேறவேண்டாம். 'இவ்வேலை பட்டியலில் இருக்கிறது; முடக்கப்படவில்லை; இந்நொடியில் ஓடிக்கொண்டிருக்கவும் இல்லை' என்பதே அதன் பொருள். நேற்றிரவு நடந்ததா என்பதற்கு அச்சொல் விடை கூறுவதில்லை. பத்து ஆண்டுகளாக ஒருமுறையும் ஓடாத வேலைக்கு நேரேயும் 'ரெடி' என்றே இருக்கும். இச்சொல்லை அங்கே வைத்தவர்கள் வேறு நல்ல சொல்லைத் தேர்ந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆகவே, நின்றுபோன வேலையை ஆராய்வோர் மூன்று வினாக்களை இதே வரிசையில் எழுப்பவேண்டும். வேலை தொடங்கியதா? தொடங்கியது முடிந்ததா? முடிந்ததால் நாம் விரும்பிய பயன் விளைந்ததா? பெரும்பாலோர் மூன்றாம் வினாவின் இடத்தில் நின்றுகொண்டு, நிரலைக் குறைகூறி, டிஸ்க்கை மாற்றி, கணினியையே புதுப்பித்துப் பொருளை இழக்கிறார்கள். முதல் வினாவுக்கு விடை அம்மையாரின் கடிதத்திலேயே உள்ளது. கடைசியாக ஓடிய நாள் ஜூன் 11. அதன்பின் வேலை ஓடித் தோற்றிருந்தால் நேற்றைய தேதியல்லவா அங்கே இருக்கவேண்டும்? எனவே மகன் புறப்பட்ட நாள் முதல் அது தொடங்கவேயில்லை. பக்கத்துக் கட்டத்தில் அடுத்து ஓடும் நேரம் என்று நாளை இரவு இரண்டு மணியைக் காட்டும். நாளை பார்த்தால் மறுநாளைக் காட்டும்.

ஏன் தொடங்கவில்லை? முதற்காரணம் அம்மையாரின் சிக்கனமே. மகன் இருந்தபோது கணினி இரவு முழுதும் விழித்திருந்தது. இப்போது பத்து மணிக்கே நிறுத்தப்படுகிறது. நிறுத்தப்பட்ட கணினியை இந்த ஏவலாளால் எழுப்ப இயலாது. உறக்கநிலையில் இருப்பதை மட்டுமே அது எழுப்பும். அதுவும் 'கண்டிஷன்ஸ்' பக்கத்தில் 'வேக் த கம்ப்யூட்டர்' என்ற கட்டத்தில் குறியிட்டிருந்து, மின்னாற்றல் அமைப்புகளும் இடங்கொடுத்தால்தான். சரி, இரவில் தவறிய வேலையைக் காலையில் கணினி திறந்ததும் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். செய்யும், நாம் சொல்லியிருந்தால். 'செட்டிங்ஸ்' பக்கத்தில், குறித்த நேரம் தவறினால் இயன்றவரை விரைவில் ஓடவிடு என்னும் பொருளில் ஒரு வரி உண்டு. அதன் கட்டம் இயல்பாக வெறுமையாகவே இருக்கும். குறியிட்டாலும் கணினி திறந்த நொடியில் வேலை தொடங்காது. சில நிமிடங்கள் பொறுத்தே தொடங்கும். அதற்குள் பதற்றங்கொண்டு மீண்டும் மீண்டும் சோதிக்கவேண்டாம்.

கணினியை இரவெல்லாம் திறந்துவைத்தால் குறை தீர்ந்துவிடுமா? தீராது. இரண்டாம் காரணம் இன்னும் ஆழமானது. மகன் இவ்வேலையைத் தன் கணக்கில் அமைத்திருக்கிறார். 'ஜெனரல்' பக்கத்தில் இரண்டு வழிகள் காட்டப்பட்டிருக்கும்: பயனர் உள்நுழைந்திருக்கும்போது மட்டும் ஓடவிடு என்பது ஒன்று, நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடவிடு என்பது மற்றது. எவரும் மாற்றாவிட்டால் முதல் வழியே நிற்கும். இங்கே பயனர் எனப்படுபவர் மகன், அம்மையார் அல்லர். அவர் கடல் கடந்து சென்ற நாள் முதல் அவர் பெயரில் இக்கணினிக்குள் எவரும் நுழையவில்லை. ஏவலாள் அவருக்காகக் காத்திருக்கிறது. இன்னும் பத்து ஆண்டுகள் ஆயினும் காத்திருக்கும்.

இரண்டாம் வழிக்கு மாற்றினால் கணினி அக்கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். திரையைத் திறக்க நாம் இடும் நான்கிலக்க எண் இங்கே செல்லாது. முழுக் கடவுச்சொல்லே வேண்டும். பின்னொரு நாள் கடவுச்சொல்லை மாற்றினால், பழையதை வைத்திருக்கும் வேலை மீண்டும் நின்றுபோகும். கடவுச்சொல்லே வைக்காத கணக்காயின் விண்டோஸ் பாதுகாப்பு விதியின்படி இவ்வகையில் ஓடவே விடாது. நம் இல்லங்களில் கடவுச்சொல் இல்லாத கணினிகள் மிகுதி என்பதால் இதனைக் குறிப்பிடுகிறேன். மேலும், இவ்வழியில் ஓடும் வேலை கண்ணுக்குப் புலப்படாது. திரையில் சாளரம் எதுவும் தோன்றாது. 'தொடர ஏதேனும் ஒரு விசையை அழுத்துக' என்று கேட்டு நிற்கும் நிரலாயின், அழுத்துவார் இன்றி அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாம் காரணத்தைக் காண்பதற்கு முன், அந்த 1 என்ற எண்ணைப் பற்றி ஒரு சொல். விளைவு எண்களுக்கு முன்னால் சுழியமும் எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நீக்கியே இங்கு எழுதுகிறேன். பொதுவாக 0 என்றால் நலம், வேறு எண் என்றால் குறை என்று கொள்வது வழக்கம். மாணவன் அவ்வாறே கற்றிருக்கிறான். திரையும் 'இன்கரெக்ட் ஃபங்ஷன்' என்று அவனுக்குச் சான்று கூறுகிறது. ஆயின் இவ்வெண்ணைச் சொல்வது ஏவலாள் அன்று. ஓடிய நிரல் சொல்லிச் சென்றதை ஏவலாள் எழுதிவைக்கிறது, அவ்வளவே. ரோபோகாப்பிக்கு என்று தனிக் கணக்கு உண்டு. அதன் மொழியில் 1 என்பது புதிய கோப்புகளைக் குறையின்றி நகலெடுத்தேன் என்பதாகும். 0 என்பது நகலெடுக்கப் புதியதாக ஒன்றும் இல்லை என்பது. 2 என்றால் மூலத்தில் இல்லாத சில கோப்புகள் டிஸ்க்கில் மிகுதியாக இருக்கின்றன; 3 என்றால் முன்சொன்ன 1, 2 இரண்டும் சேர்ந்து நிகழ்ந்தன. 8 வந்தால் சில கோப்புகள் நகலாகவில்லை, அப்போது கவலைப்படவேண்டும். 16 பெருங்குறை, ஒன்றும் நகலாகவில்லை என்பது பொருள். ஏவலாள் பதினாறின் அடுக்கில் எண்ணுவதால் அந்த 16 திரையில் 10 என்று தோன்றும். டிஸ்க்கைச் செருகாமல் விட்ட இரவில் பெரும்பாலும் இதையே காண்பீர்கள்.

எனவே ஜூன் 11-ஆம் நாளைய 1 என்பது பிழையின் அடையாளம் அன்று. மகன் வீட்டிலிருந்த கடைசி இரவில் வேலை நன்கு நடந்ததற்கான சான்று அது. மாணவனின் சொல்லை நம்பி ரோபோகாப்பியை நீக்கி வேறு நிரலை நிறுவியிருந்தால், நலமாக இருந்த ஒன்றை அகற்றிவிட்டு, குறையுள்ள இரண்டையும் அப்படியே விட்டிருப்பார்கள்.

இப்போது மூன்றாம் காரணம். முன்சொன்ன இரண்டையும் சீர்செய்து, மகனின் கடவுச்சொல்லையும் தொலைபேசியில் கேட்டுப் பெற்று, கணினியையும் இரவில் விழித்திருக்க விட்டதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் கடைசியாக ஓடிய நாள் சரியாக இருக்கும். விளைவு 0 என்றிருக்கும். எல்லாம் நலமே என்று மனம் நிறையும். ஆனால் டிஸ்க்கில் ஒரு புதிய படமும் இராது! ஏனெனில் அவ்வேலை நகலெடுப்பது மகன் பெயருடைய கோப்புறையை. அம்மையார் கைபேசியிலிருந்து மாற்றி வைத்தவை அவருடைய கணக்கின் 'பிக்சர்ஸ்' கோப்புறையில் இருக்கின்றன. விண்டோஸில் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனிப் படக்கோப்புறை உண்டு. பெயர் ஒன்றே, இடம் வேறு. மகனுடைய கோப்புறையில் ஜூனுக்குப் பின் புதியது ஏதும் சேரவில்லை. ஆதலால் ரோபோகாப்பி 0 என்று உண்மையே கூறுகிறது. வேலை தொடங்கிற்று, முடிந்தது, பயன் மட்டும் இல்லை. மூன்றாம் வினா எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இத்தகைய பல குறைகள் ஒரே வேலையில் கூடியிருப்பது அரிதன்று. ஒன்றைத் திருத்தியும் பயன் காணாதபோது, 'இது காரணம் இல்லை போலும்' என்று திருத்தியதையும் பழையபடி மாற்றிவிடுவோர் பலர். திருத்தியது சரியானதென்று தெரிந்தால் அதை அப்படியே விட்டு அடுத்ததைத் தேடுக.

நிற்க. அம்மையாருக்கு என் யோசனை, மகன் அமைத்ததைச் செப்பனிடவேண்டாம் என்பதே. அதை வலச்சொடுக்கி 'டிசேபிள்' செய்துவிட்டு, தம் சொந்தக் கணக்கில் புதிய வேலை ஒன்றை அமைத்துக்கொள்ளட்டும். நேரம் மாலை ஏழு மணி. அவ்வேளையில் கணினி திறந்திருக்கும், அவரே உள்நுழைந்திருப்பார், கடவுச்சொல்லைச் சேமித்து வைக்கும் தொல்லையும் இல்லை. இரவு இரண்டு மணி என்பது அலுவலகங்களுக்கு ஏற்ற நேரம். கணினியை நிறுத்திவிட்டு உறங்கும் இல்லத்துக்கு அது பொருந்தாது. தவறியதை விரைவில் ஓடவிடும் கட்டத்தில் மட்டும் மறவாமல் குறியிடவேண்டும். மாலையில் வெளியே செல்ல நேர்ந்தால் இரவு திரும்பிக் கணினியைத் திறந்ததும் வேலை நடந்துவிடும்.

ரோபோகாப்பிக்கு எழுதிக்கொடுக்கும் வரியில், எங்கிருந்து, எங்கே என்னும் இரண்டு இடங்களும் முதலில் வரும். 'பிக்சர்ஸ்' கோப்புறையின் உண்மையான இடத்தை நினைவிலிருந்து எழுதாதீர்கள். அக்கோப்புறையைத் திறந்து மேலே உள்ள முகவரிப் பட்டையைச் சொடுக்கினால் முழு முகவரி தோன்றும்; அதையே நகலெடுத்து இடுங்கள். சில கணினிகளில் அது 'ஒன்டிரைவ்' கோப்புறைக்குள் இடம் மாற்றப்பட்டிருக்கும். பெயருக்கிடையே இடைவெளி இருந்தால் முழு முகவரியையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைக்கவேண்டும்; அவ்வாறு செய்யாவிடில் நிரல் பெயரை இரண்டாக வெட்டிப் படித்து, இல்லாத கோப்புறையைத் தேடும். வெளி டிஸ்க்கின் எழுத்தையும் கவனியுங்கள். வேறொரு பென் டிரைவ் முன்னதாகச் செருகப்பட்டிருந்தால், நேற்று 'ஈ' என்றிருந்த டிஸ்க் இன்று 'எஃப்' ஆகலாம். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற கருவியில் அதற்கு 'டி' முதலிய நெருக்கமான எழுத்துகளை விடுத்து, எழுத்து வரிசையின் கடைசியில் உள்ள ஒன்றைத் தந்துவிட்டால் இத்தொல்லை ஏறக்குறைய ஒழியும்.

பல வழிகாட்டிகளில் 'மிர்' என்னும் மூன்றெழுத்து விருப்பத்தைச் சேர்க்கும்படி எழுதியிருப்பார்கள். மூலத்தைக் கண்ணாடிபோல் அப்படியே டிஸ்க்கில் காட்டுவது அதன் வேலை. மூலத்தில் அழிந்த கோப்பை டிஸ்க்கிலும் அது அழித்துவிடும். பேத்தி விளையாட்டாக ஒரு கோப்புறையை அழித்தால் மாலை ஏழு மணிக்கு அதன் பிரதியும் போய்விடும். குடும்பப் படங்களுக்கு இவ்விருப்பம் ஆகாது என்பது என் திடமான கருத்து. உட்கோப்புறைகளையும் சேர்த்து நகலெடுக்கும் 'ஈ' என்னும் விருப்பமே போதும்.

இன்னொரு விருப்பத்தைப் பற்றி எவரும் எச்சரிப்பதில்லை. ஆனால் நடைமுறையில் மிகுதியாகத் துன்பம் தருவது அதுவே. ஏதோ ஒரு கோப்பை வேறொரு நிரல் பிடித்துக்கொண்டிருந்தால் ரோபோகாப்பி சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும். எத்தனை முறை தெரியுமா? நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 10 இலட்சம் முறை. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே 30 நொடி. கணக்கிட்டுப் பாருங்கள், 347 நாள் ஆகிறது. ஒரே ஒரு கோப்பின் வாயிலில் ஏறக்குறைய ஓராண்டு நிற்கும்! வேலை 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்றே பட்டியல் காட்டும். விளைவு எண் 41301 என்றிருக்கும். முந்தைய ஓட்டம் முடியாதபோது புதியதைத் தொடங்காதே என்பது ஏவலாளுக்கு இயல்பான ஆணை. எனவே மறுநாள் வேலையும் தொடங்காது. மூன்று நாள் ஓடியும் முடியாத வேலையை நிறுத்திவிடும் விதி ஒன்று இருப்பதால் நான்காம் நாள் விடுபட்டு மீண்டும் அதே கோப்பில் சிக்கும். மூன்று முறை முயல்க, பத்து நொடி பொறுக்க என்று 'ஆர்', 'டபிள்யூ' என்னும் இரு விருப்பங்களால் சொல்லிவிட்டால் அந்த ஒரு கோப்பை விட்டுவிட்டு மற்றவற்றை நகலெடுத்து, 9 என்று விளைவு கூறி முடித்துக்கொள்ளும்.

மடிக்கணினி வைத்திருப்போருக்கு மற்றொன்று. மின்னிணைப்பில் இருந்தால் மட்டுமே தொடங்கு, மின்கலத்துக்கு மாறினால் நிறுத்து என்னும் இரண்டு நிபந்தனைகள் 'கண்டிஷன்ஸ்' பக்கத்தில் முன்னரே குறியிடப்பட்டிருக்கும். மாலையில் மின்சாரம் போகும் ஊர்களில் நகலெடுப்பு நடுவிலேயே நின்றுபோவதற்கு இதுவே காரணம். மேசைக்கணினியாயினும், யூ.பி.எஸ். கருவியை யூ.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்திருந்தால் விண்டோஸ் அதையும் மின்கலம் என்றே எண்ணும். சிறிய நகலெடுப்பு வேலையாயின் இவ்விரு குறிகளையும் எடுத்துவிடலாம்.

அமைத்த பின் சோதிப்பது எப்படி? வேலையை வலச்சொடுக்கி 'ரன்' என்பதை அழுத்தினால் உடனே ஓடும். அதைக் கண்டு அமைதி கொள்வோர் பலர். அச்சோதனை நிரல் சரியாக இருப்பதைத்தான் காட்டும். நேரம் வந்ததும் தானே தொடங்குமா என்பதைக் காட்டாது. ஆகவே முதல் நாள் மட்டும் நேரத்தை ஐந்து நிமிடம் தள்ளி வைத்து, கணினியைத் தொடாமல் காத்திருந்து பாருங்கள். பிறகு ஏழு மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அன்று மாலை, 'பிக்சர்ஸ்' கோப்புறையில் நோட்பேடில் ஒரு சிறு குறிப்பெழுதி, அன்றைய தேதியைப் பெயராக இட்டு வையுங்கள். எட்டு மணிக்கு டிஸ்க்கில் அக்கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். திறந்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதம் ஒருமுறை, மின்கட்டணம் செலுத்தும் நாளிலோ பால் கணக்கு முடிக்கும் நாளிலோ, இதையே செய்து வாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கை உறவினர் வீட்டுக் கணினியில் செருகி நான்கு படங்களைத் திறந்து பார்ப்பதும் நல்லது.

இவ்வளவு செய்தும் ஏதோ ஒரு நாள் வேலை தவறினால், காரணத்தை அறிய ஏவலாளின் நாட்குறிப்பு உதவும். 'ஹிஸ்டரி' என்ற அப்பக்கம் பெரும்பாலான இல்லக் கணினிகளில் வெறுமையாக இருக்கும். வலப்புறத்தில் உள்ள 'எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரி' என்பதை நிர்வாக உரிமையுடன் ஒருமுறை அழுத்தி உயிர்ப்பிக்கவேண்டும். அதில் 100 என்பது தொடங்கியதையும் 102 என்பது முடிந்ததையும் குறிக்கும். 322 என்றால் முந்தைய ஓட்டம் முடியாமையால் புதியது மறுக்கப்பட்டது. 326 என்றால் கணினி மின்கலத்தில் இருந்தது. 332 என்றால் குறித்த பயனர் உள்நுழைந்திருக்கவில்லை. அம்மையாரின் கணினி இரவில் திறந்தும், இந்த நாட்குறிப்பு உயிர்பெற்றும் இருந்திருந்தால், ஜூன் மாதத்திலிருந்தே 332 என்று இரவுதோறும் பதிவாகி வந்திருக்கும்.

லினக்ஸ் வைத்திருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், தாம் தட்டினால் ஓடும் கட்டளை கிரானில் மட்டும் ஓடவில்லை என்று எழுதியிருக்கிறார். தம்பி, நீங்கள் தட்டும்போது நிரல்கள் இருக்கும் இடங்களை உங்கள் கணக்கின் அமைப்புகள் கணினிக்குச் சொல்லிவிடுகின்றன. கிரானுக்கு அவ்வமைப்புகள் தெரியா. அது அறிந்த இடங்கள் மிகச் சில. நிரலின் முழு முகவரியையும் எழுதிப் பாருங்கள். வரியில் விழுக்காட்டுக் குறி இருந்தால் கிரான் அதைப் புதிய வரி என்று கொள்ளும். தேதியைக் கோப்பின் பெயரில் சேர்க்க முயல்வோர் பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறார்கள். அக்குறிக்கு முன் பின்சாய்கோடு இடுக. கணினி நிறுத்தப்பட்டிருந்த நேரத்து வேலையைக் கிரான் பின்னர் செய்யாது. அதற்கு 'அனாக்ரான்' என்ற துணைக்கருவி உண்டு.

மாக் கணினி பற்றிக் கேட்டிருக்கும் அன்பருக்கு: 2005 முதல் அங்கே இவ்வேலையைச் செய்வது 'லாஞ்ச்-டி'. குறித்த நேரத்தில் கணினி உறங்கினால் விழித்ததும் வேலையை அது செய்துவிடும்; அடியோடு நிறுத்தியிருந்தால் செய்யாது. 2019-இல் வந்த கேட்டலினா முதல், 'டெஸ்க்டாப்', 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறைகளைத் தொட நிரல்கள் உரிமையாளரின் அனுமதி பெறவேண்டும். தாங்கள் அனுப்பிய விவரப்படி ஏழாம் தேதியிட்ட பிரதி வெறுமையாக இருப்பதற்கு இதுவே காரணமாகலாம். 'சிஸ்டம் செட்டிங்ஸ்' பகுதியில் 'பிரைவசி' என்ற இடத்தில் பார்த்து, அனுமதி தந்தபின் மீண்டும் ஓடவிட்டு எழுதுங்கள்.